துடைக்காத இடம்

"மெஷின் சிப்பைத் துடைச்சிட்டீங்களாமே, ஸ்வாமி? முதலாளி முதுகுல தட்டிக் கொடுத்தாரா?"

பீன்யா தொழிற்பேட்டையில் எங்கள் ஃபாக்டரி கேன்டீன். கத்தியவர் மகாதேவா, தகடு அழுத்தும் பிரஸ் பிரிவு சூப்பர்வைசர். எதிரே இன்ஜினியர் சசிதர் தலையை நிமிர்த்தாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மகாதேவாவின் மனைவி ரத்னம்மாவும் பிரஸ்ஸில்தான் வேலை. போன வாரம் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமல் காக்கும் மெஷின் தடுப்பை அவளே திறந்தாள் என்கிறது நிர்வாகம். நாளை விசாரணை. தப்பு அவளுடையது என்றால் வேலையும் போச்சு.

தடுப்பைத் திறக்க ஆளுக்கொரு சாவி, ஆளுக்கொரு நம்பர். யார் திறந்தாலும் சிப்பில் பதியும். அந்தச் சிப்பில்தான் நேற்று சசிதர் புது புரோகிராம் ஏற்றினார்.

"ஒரு பொம்பளை வயித்துல அடிச்சிட்டீங்களே, த்தூ!" என்றார் மகாதேவா. நானும் சேர்ந்து கத்தினேன். எனக்கும் அவ்வளவு ஆத்திரம்.

லீவ் கடிதம் கொடுக்க வந்த ரத்னம்மா, கையில் கட்டோடு நின்றாள்.

"நெஜமாவே அழிச்சிட்டீங்களா, ஸார்?"

சசிதர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இல்லக்கா. புரோகிராம் இருக்கிறது ஃப்ளாஷ்ல. புதுசு ஏத்தணும்னா பழசைத் துடைச்சாகணும். சாவிக் கணக்கு இருக்கிறது ஈஈப்ராம்ல. ஒரே சிப்தான், ஆனா தனி இடம். அதைத் தொடாதேன்னு பூட்டு வெச்சிட்டுத்தான் ஏத்தினேன்."

கேன்டீனே கை தட்டியது. மகாதேவா மட்டும் தட்டவில்லை.

"அப்ப காட்டுங்க ஸார்," என்றாள் ரத்னம்மா. "என் சாவி பன்னண்டு. அது இருக்கான்னு எல்லாரும் பார்க்கட்டும்."

"நாளைக்கு விசாரணைல ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் பார்ப்பாருக்கா. இங்க வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? நான்தான் திறந்தேன்னு பட்டம் கட்டினது இங்கதானே?"

"ஸார்தான் வேண்டாங்கிறாரே, விடேன்," என்றார் மகாதேவா. குரலில் சத்தமே இல்லை.

அவள் விடவில்லை. சசிதர் பெருமூச்சோடு லேப்டாப்பைத் திருப்பினார்.

பன்னிரண்டு எங்கேயும் இல்லை. அந்த வாரம் முழுக்க, தினமும், ஏழு. விரல் போன அன்றைக்கும் ஏழு.

உற்பத்தி கூடுதலாகக் காட்ட, தடுப்பைத் திறந்துவைத்தே மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். மகாதேவாவின் கை இடுப்பில் தொங்கிய தன் சாவியை மூடிக்கொண்டது.

ரத்னம்மா கட்டுப் போட்ட கையை அவர் முன்னால் நீட்டினாள்.

"ரீ, என்னங்க... தினமும் மறந்துட்டுப் போறீங்கன்னு, அந்த ஏழாம் நம்பரை இந்தக் கையாலதானே எடுத்துக் கொடுத்தேன்?"