பாலின் அடர்த்தி

பசறைப் பக்கத்துப் பால் நிலையத்தில், லீட்டரில் அளந்த பாலை அடர்த்தியால் பெருக்கிக் கிலோவாக்குவது விஜேந்திரனின் வேலை. தோட்டத்து இராக்கம்மாவின் பாலில் மட்டும் அந்த அடர்த்தி தினமும் குறைவாகவே இருந்தது.

"இன்னிக்கும் தண்ணி கலந்திருந்தா, இனிமே உங்க பாலை எடுக்கவே மாட்டேன், அக்கா."

அவள் கேனை நீட்டினாள். அவன் பாலில் பால்மானியை விட்டான். அது நன்றாக எழும்பி மிதந்தது. சொட்டுத் தண்ணீர்கூடக் கலக்காத பால்!

"நேத்து நான் ஏசுனது நல்லதாப் போச்சு! இல்லாட்டி லயத்து வீடுகளுக்கு வர்ற பீலித் தண்ணி நின்னு போச்சா?" என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. "ஒரு டம்ளர் மட்டும் திருப்பித் தாங்க, தம்பி."

"எதுக்கு?"

"எங்க லயத்துல தாயில்லாத பச்சப்புள்ள ஒன்னு. தினமும் அதுக்கு ஒரு டம்ளர் குடுத்துட்டு, அந்த அளவுக்குத் தண்ணி ஊத்திக் கொண்டாருவேன். தப்புதாங்க."

விஜேந்திரனின் குரல் தழைந்தது. டம்ளரை விளிம்புவரை நிரப்பினான்.

"இனிமே புள்ளைக்கு நானே தினமும் தாறேன். கொண்டுபோய்க் குடுங்க, அக்கா."

இராக்கம்மா அதை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"குடிக்கிறதுக்கு இல்ல, தம்பி. நேத்து பொதச்ச எடத்துல தெளிக்கணும்."