வெள்ளிக்கிழமை அழைப்பு

குழுவிலுள்ள பதினெட்டுப் பேரிடமும் மேலாளர் வெள்ளிக்கிழமைதோறும் போனில் மனம்விட்டுப் பேச வேண்டும் என்பது கம்பெனி விதி. இசக்கியப்பன் அந்த வேலையைத் தன் குரலிலேயே பேசும் இயந்திரத்திடம் தள்ளிவிட்டு ஒரு வருடமாகிறது. குழுவில் யாருக்கும் தெரியாது. யாரிடம் என்ன பேசியது என்று அது அவருக்கு எழுதி அனுப்பும். அவர் படிக்காமலே ‘படித்தேன்’ என்று தட்டிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை, குழுவிலுள்ள ஜெமீலா நேரில் வந்து நின்றாள்.

“வாப்பா சீரியஸா கிடந்தப்போ, ‘வேலைய நான் பாத்துக்கிறேன், நீ அவர்கூட இரு’ன்னு போன்ல சொன்னீங்களே சார். மறக்கவே மாட்டேன்.”

 இருபது நாள் வேலைக்கு வரவில்லை என்று பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயரை அடித்ததே இசக்கியப்பன்தான்.

“லிஸ்ட்ல என் பேரு இல்ல. பரவால்ல சார். மேல யாராவது அடிச்சிருப்பாங்க. நீங்க எனக்காகப் பேசியிருப்பீங்கன்னு தெரியும்.”

“பேசினேம்மா” என்றார், மேசையைப் பார்த்தபடி.

மணி நான்கு. அவள் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் அவர் பெயரைப் பார்த்துக் குழம்பி, ஸ்பீக்கரில் போட்டாள்.

“சாப்பிட்டியாம்மா?” என்றது அவருடைய குரல்.

அவர் அவளிடம் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை.