நூல் சொன்ன சார்

பனியன் கம்பெனிக்கு வரும் நூல் சுற்றிய கோன்கள் இப்போதெல்லாம் பேசும். விரலால் அழுத்தினால், நூற்ற பெண்ணின் குரல் கேட்கும். கட்டாயமில்லாமல் வேலை செய்கிறேன் என்று அவள் சொன்னால்தான் அந்த நூலை வாங்கலாம், அதுதான் சட்டம்.

கம்பெனி முதலாளி துளசிமணி ஒரு கோனை அழுத்தினாள்.

"நான் இஷ்டப்பட்டுத்தான் வேலை செய்றேன், சார்."

அடுத்த கோனில் வேறு குரல், அதே சார். பெட்டி முழுக்க அப்படியே. அவள் கோனை மேசையில் ஓங்கி வைத்தாள்.

"யாரு வாங்குவாங்கன்னே தெரியாம கோன்ல பேசறப்ப, சார் எங்கிருந்து வந்தாருங்க? பேசறப்ப எவனோ பக்கத்துல நின்னிருக்கான்!"

நூலைக் கொண்டுவந்திருந்த மில் ஏஜென்ட் சென்னியப்பன் சிரித்தார். "பழக்கதோஷமுங்க. அந்த சாரை மட்டும் வெட்டிட்டு அனுப்பச் சொல்றனுங்க."

"வெட்டுவீங்களா? அந்தப் பிள்ளைங்க மில்லுக்கு வெளிய வந்து எங்கிட்ட இதையே சொல்லட்டும். இப்பவே வேன் அனுப்பறேன்."

"கேட்டைத் தாண்டி எப்படிங்க விடுவாங்க?"

வாய் தவறி வந்துவிட்டது. சென்னியப்பன் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

துளசிமணி வாசலில் நின்ற வேனின் கதவைத் திறந்து பிடித்தாள். "ஏறுங்க. அந்தக் கேட்டை நீங்கதான் தொறக்கோணும்."