மூன்று கிளைக் கொம்பு

புதர் அசைந்தது. முதலில் கொம்புதான் வெளியே வந்தது.

சாயப்பட்டறையின் பின்சுவரை ஒட்டி நின்றிருந்த ஆத்தப்பன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், சீமைக்கருவேல முள்ளை விலக்கிக்கொண்டு அந்த ஆண் புள்ளிமான் இளவெயிலில் வந்து நின்றது. ஒவ்வொரு கொம்பிலும் மும்மூன்று கிளை. தொண்டையில் பளீரென்று வெள்ளை. என்ன ஒரு நிமிர்வு!

எண்பத்தேழாம் வருஷம் அவர் அதை முதன்முதலாகப் பார்த்தபோது வெள்ளாட்டுக்குட்டி உயரம்தான் இருந்தது. தாயின் வயிற்றுக்கடியில் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தது.

மறுவருஷம் நெற்றியில் விரல் நீளத்துக்கு இரண்டு முளை.

அப்புறம் ஒருநாள் கொம்பே இல்லாமல் வந்தது. எவனோ வெட்டிவிட்டான் என்று நினைத்து அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கொஞ்ச நாளில் வெல்வெட் துணி சுற்றியதுபோல் புதுக்கொம்பு துளிர்த்தது. அதற்குப் பிறகு வருஷா வருஷம் அது விழுவதும், முன்னைவிடப் பெரிதாக முளைப்பதும்தான். ஒவ்வொரு தடவையும் மனைவி செல்லாத்தாளிடம் போய், பெற்ற பிள்ளை பாஸானதுபோலச் சொல்லுவார்.

தொண்ணூற்றிரண்டில் இன்னொரு ஆண் மானோடு மோதியதில் அதன் இடது காது கிழிந்தது. ஆனால் நொண்டிக்கொண்டு ஓடியது மற்றதுதான். ஆத்தப்பன் கண்ணால் பார்த்தார்.

அவரைக் கண்டு ஓடாமலிருக்க அதற்கு ஆறு வருஷம் பிடித்தது. இப்போதெல்லாம் இருபதடி தூரத்தில் நின்று காதை மட்டும் ஆட்டும்.

இன்றும் அவரைப் பார்த்தது. பயமில்லாமல் சரிவில் இறங்கியது. பள்ளத்துத் தண்ணீரை நோக்கித் தலையைத் தாழ்த்தியது.

ஆத்தப்பன் குனிந்து ஒரு கல்லை எடுத்தார்.

“ஏனுங்கண்ணா, அதையப் போயி அடிக்கறீங்க?” பீடி பற்றவைக்க வெளியே வந்த பட்டறையில் கூட வேலை செய்யும் கிட்டுசாமி பதறினான்.

முதல் கல் தண்ணீரில் விழுந்தது. மான் நிமிர்ந்து பார்த்ததே ஒழிய நகரவில்லை. இவர்தானே என்று நினைத்திருக்கும்.

இரண்டாவது கல் தோளில் பட்டது.

ஒரே தாவல். அவ்வளவு கனத்த கொம்பைத் தூக்கிக்கொண்டு முள்வேலியை அது தாண்டிய அழகை, அந்த நிலையிலும் அவரால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“வராத சாமி, இந்தப் பக்கம் வராத!”

மான் கண்ணில் இருந்து மறைந்த பிறகும் கை ஓயும்வரை எறிந்துகொண்டே இருந்தார்.

இத்தனை வருஷமும் அது இந்தப் பக்கம் மேய மட்டும்தான் வரும். தண்ணீர் குடிப்பது மேட்டுக் குட்டையில். இந்த வருஷம் மழை பொய்த்துக் குட்டை வெடித்துக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் ஓடிக்கொண்டிருந்த ஒரே தண்ணீர், பட்டறையிலிருந்து பள்ளத்தில் விழும் கருநீலச் சாயக்கழிவுத் தண்ணீர்.

கால்மணி நேரத்துக்கு முன்னால் அதைத் திறந்துவிட்டவர் ஆத்தப்பன்தான்.

நாளைக் காலையிலும் அவர்தான் திறக்க வேண்டும்.