பதினோராம் பக்கம்

“இது செல்லாது,” என்றாள் பாலாம்பாள்.

சுவரில் மாட்டியிருந்த, அம்பெறிந்து விளையாடும் எலெக்ட்ரானிக் டார்ட் போர்டு அப்போதுதான் பாடி ஓய்ந்திருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் பூஜ்யம். கைதட்டப் போனவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள்.

“எதும்மா செல்லாது?” மலையம்மாள் மெதுவாகக் கேட்டாள். அவள் அந்த ஆபீஸில் பியூன். பாலாம்பாள் இருபத்திரண்டு வருஷ சர்வீஸ் போட்ட சூப்பரின்டெண்ட். சாப்பாட்டு இடைவேளையில் இருவருக்கும் ஃபைனல்.

“முந்நூத்தி ஒண்ணுலேருந்து கழிச்சுண்டே வந்து பூஜ்யத்துல முடிச்சா மட்டும் போதாது. கடைசி அம்பு, ஓரத்துல இருக்கே ஒல்லி வளையம், அதுல குத்தணும். நீ எட்டாம் நம்பர்ல உள்ளே தள்ளிக் குத்திட்டே. அதான் ரூல்.”

“மெஷினே பாடிருச்சே மேடம்,” என்றார் டைப்பிஸ்ட் முத்திருளன்.

“மெஷினுக்குக் கழிக்கத்தான் தெரியும். ரூல் புஸ்தகத்துல இருக்கு.”

மானேஜர் விஸ்வேஸ்வரனின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த போர்டு அது. கூட வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தவள் பாலாம்பாள்தான். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிற ஆட்டம், இறங்கிக்கொண்டே வருகிற ஆட்டம், ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாகக் குத்திக்கொண்டு போகிற ஆட்டம். எதுவானாலும் அவள் சொன்னதுதான் சட்டம்.

ஒல்லி வளையச் சட்டமும் புத்தகத்தில் இருந்தது. ஆனால் ஆட்டம் தொடங்குமுன்பே இருவரும் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும். இன்று அந்தப் பேச்சே எழவில்லை. அது பாலாம்பாளுக்கு நன்றாகத் தெரியும்.

ஜெயித்தவர் மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் போட்டிக்குப் போகவேண்டும். ‘அநேகமாக நான்தான்’ என்று அக்காவுக்கு லெட்டர் போட்டாயிற்று. மேசை துடைக்கிறவளிடம் தோற்றேன் என்று இன்னொரு லெட்டரா போடுவது?

“சரி, போனா போறது. உனக்கு எட்டு பாக்கின்னு வெச்சுக்கலாம். மூணு அம்பும் இன்னொரு தரம் எறி. நாலுக்கு நேரா அந்த ஓர வளையத்துல குத்தினா ரெண்டு மடங்கு, எட்டு ஆயிடும். கணக்கை நான் தாள்ல எழுதிக்கறேன்.”

விரற்கடை அகலம்கூட இல்லாத வளையம். தாராளமாகத்தான் கொடுத்தாள்.

விஸ்வேஸ்வரன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“ஒரு நிமிஷம். புஸ்தகம் என் ரூம் பீரோவுலதான் இருக்கு. எடுத்துண்டு வரேன். எல்லார் முன்னாடியும் வாசிச்சுடலாம். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கோ.”

மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ஏறிப் போயிற்று.

‘தப்பா ஞாபகம் வெச்சுண்டுட்டேன்’ என்று பாலாம்பாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தாளை எடுத்து இருவர் கணக்கையும் எழுதினாள்.

மலையம்மாள் காத்திருக்கவில்லை. எறியும் கோட்டருகே போய் நின்று மடமடவென்று எறிந்தாள். முதல் அம்பு போர்டைத் தாண்டிச் சுவரில் பட்டு விழுந்தது. இரண்டாவதும் அதன் பின்னாலேயே. மூன்றாவது இருபதில் குத்தியது.

“எட்டுக்கு மேல போயிருச்சு, என் முறை போச்சு. நீங்க எறிங்கம்மா. சீக்கிரம்.”

பாலாம்பாளுக்குப் பாக்கி பதினாறு. எட்டின் ஓர வளையத்தைப் பார்த்து எறிந்தாள். போய்க் குத்தியது. முன்பே ஆட்டம் முடிந்ததாக நினைத்திருந்த மெஷின் பாடவில்லை.

விஸ்வேஸ்வரன் புத்தகத்தோடு இறங்கி வந்தார்.

“முடிஞ்சுடுத்தா? அப்போ சரி.” புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாலாம்பாளுக்குப் பரிசுக் கோப்பையைக் கொடுத்தார்.

“ஏன் மலையம்மா, என்ன அப்படி அவசரம்?” முத்திருளனுக்கு எரிச்சல். “சார் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா? கைக்கு வந்ததக் கெடுத்துக்கிட்ட.”

மலையம்மாள் டீ டம்ளர்களைப் பொறுக்கினாள்.

சாயந்தரம் வரை பாலாம்பாளுக்கு வேலை ஓடவில்லை. கோப்பையை மேசை இழுப்பறைக்குள் தள்ளி மூடினாள். ஐந்தரைக்கு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில், விளாங்குடி பஸ்ஸுக்காக நின்றிருந்த மலையம்மாளைப் பார்த்தபோது, அவளிடமே ஒரு தப்பைக் கண்டுபிடித்துவிட்டால் மனசு ஆறும் போலிருந்தது.

“நீ ஏன் மலையம்மா அப்படிப் பதட்டப்பட்டே? நிதானமா எறிஞ்சிருந்தா நீகூட ஜெயிச்சிருக்கலாம்.”

சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அந்தப் புஸ்தகத்த நானும் படிச்சிருக்கேன்மா.”

“நீயா?”

“பி.யூ.சி. வரைக்கும் படிச்சவதான். இங்க யாரும் கேட்டதில்ல. சார் பீரோவத் தொடைக்கிறப்ப தெனம் ரெண்டு பக்கம் படிப்பேன். நீங்க சொன்ன ரூலு பதினோராம் பக்கத்துல இருக்கு. ரெண்டு பேரும் மொதல்லயே பேசி வச்சிருந்தாத்தான்னு அடியிலயே போட்டிருக்கு.”

பாலாம்பாளுக்குக் காது மடல் சுட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டதுபோல் இருந்தது. ஒருவரும் திரும்பவில்லை. மலையம்மாள் அவ்வளவு தாழ்ந்த குரலில்தான் பேசினாள்.

“தெரிஞ்சுமா பேசாம இருந்தே? சார்தான் புஸ்தகத்தை எடுத்துண்டு வரேன்னாரே. ஒரு நிமிஷம் பொறுத்திருந்தா...”

பஸ் வந்து நின்றது. மலையம்மாள் படியில் கால் வைத்துக்கொண்டே திரும்பினாள்.

“அவரு எறங்கி வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரணும்னுதான்மா கண்ட மேனிக்கு எறிஞ்சேன். அம்புட்டுப் பேரு முன்னாடி அத வாசிச்சிருந்தா, நாளைக்கு உங்க மேசையில ஃபைல வைக்கிறப்ப நான் எப்படிம்மா உங்க மூஞ்சியப் பாப்பேன்?”