லூர்தம்மாவின் சாட்சி

"மணிக்கு இருபத்தஞ்சு கிலோமீட்டரா? அதுக்கு ஆட்டோவ இறங்கித் தள்ளிக்கிட்டே போயிறலாமே!"

ஆட்டோ ஓட்டும் லியோன் சொன்னதும் பிள்ளைக் காம்பரா முழுக்கச் சிரித்தது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த இடத்தில்தான் ரப்பர் தோட்டத்துக் கூட்டமெல்லாம் நடக்கும். தொட்டில்களை ஓரங்கட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எஹலியகொட ரோட்டுக்குக் காபட் தார் போட்டாலும் போட்டார்கள், வண்டிகள் தரையிலா ஓடுகின்றன? தொழிலாளர் லயத்துப் பக்கம் வேகத்தை இருபத்தைந்தாகக் குறைக்கலாமா என்று தோட்டத்து ஆட்களையே கைதூக்கச் சொல்லி முடிவெடுக்க வந்திருந்தார் பிரதேச சபை உறுப்பினர் றஊப்.

"ஸ்கூல் புள்ளைங்க நடக்குற ரோடு தம்பி," என்றார்.

"நாளைக்குப் பத்து ஹயர் சவாரி ஓடுனாத்தாங்க எங்க வீட்ல அடுப்பெரியும். வேகத்தாலதான் ஆக்சிடன்ட் வருதுன்னு யாரு சொன்னா?"

ஆண்கள் அவன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். பெண்கள்தான் அசையவில்லை. லியோன் கடைசி ஆயுதத்தை எடுத்தான். எடுத்திருக்க வேண்டாம்.

"போன வருசம் என் ஆட்டோவுல அடிபட்டுத்தான் இராயப்பண்ணன் செத்தாரு. நான் மறைக்கல. ஆனா மெதுவாத்தான் வந்தேன். அவரு கால் இடறி குறுக்க விழுந்துட்டாரு. பார்த்த ஒரே ஆளு லூர்தக்கா. அவங்களே பொலிசுல அப்படித்தான் சொன்னாங்க. மெதுவா வந்தும் உயிர் போச்சுல்ல? பொறகு எதுக்கு இந்தச் சட்டம்? நீங்களே சொல்லுங்கக்கா!"

செத்தவனின் மனைவியையே சாட்சிக்கு இழுக்கிறானே, இவனெல்லாம் மனுசனா!

கடைசி வரிசையில் லூர்தம்மா எழுந்தாள். ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்த கையை முந்தானையில் தேய்த்துக்கொண்டாள்.

"சொல்றேன் தம்பி. நீ பறந்து வந்த. அவரு ஓரமாத்தான் நடந்தாரு. பால் வாளியோட பின்னால வந்த நான் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்."

லியோன் ஆடிப்போனான். அவள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தல்லவா ஒரு வருடமாக நிம்மதியாக இருந்தான்!

"அக்கா... அப்ப பொலிசுல ஏன்..."

"அப்ப உன் பொஞ்சாதிக்கு எட்டு மாசம். நீ உள்ள போயிட்டா அவ கதி என்னாகும்னுதான், செத்த மனுசன் மேலயே பழியப் போட்டேன்."

லூர்தம்மா இருபத்தைந்துக்கு முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள்.

"அந்தப் பொய்ய வச்சு, இன்னொருத்திய என்னைய மாதிரி ஆக்கிடாத தம்பி."