இரண்டாம் பிள்ளை

டென்மார்க்கின் கோல்டிங் நகரில் ஒரு சைக்கிள் கடை வாசலில், கொட்டுகிற மழையில் இரண்டு மணி நேரமாக வரிசையில் நின்றார் நவரத்தினம். குடை பிடித்துக் கை கடுத்துப்போனது மனைவி செல்வமலருக்குத்தான்.

உள்ளே தன் படங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் மார்வால், ஓய்வுபெற்ற பிரெஞ்சு சைக்கிள் வீரர்.

“எத்தினை தரம் முதலாவதாய் வந்தவர்?” என்று கேட்டாள் செல்வமலர்.

“ஒருக்காலும் இல்லை. ஏழு தரம் இரண்டாவது! தோத்தும் சிரிச்ச மனிசன். அதுதான் சனம் இவருக்கு உயிரை விடுது. வெண்டவங்களை ஆர் நினைக்கினம்? உமக்கு இது விளங்காது.”

செல்வமலர் குடையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

அவர்கள் முறை வந்தது. “யார் பெயருக்கு எழுத வேண்டும்?” என்று கடைக்காரப் பெண் டெனிஷில் கேட்டாள். செல்வமலர் முந்திக்கொண்டாள்.

“தனுசியா. எங்கள் இரண்டாம் பிள்ளை.”

“மூத்த பிள்ளைக்கு வேண்டாமா?”

“எங்களுக்கு ஒரு பிள்ளைதான்.”

நவரத்தினத்தின் முகம் செத்துப்போயிற்று. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வருடா வருடம் இரண்டாவதாக வந்த மகளை, வீட்டுக்கு வந்தவர் போனவர் முன்னாலெல்லாம் அவர் அப்படித்தான் கூப்பிட்டார்: “இந்தா வாறா, எங்கடை இரண்டாம் பிள்ளை!” அவள் வீட்டைவிட்டுப் போய் ஐந்து வருடம்.

கையெழுத்திட்ட படத்தை அவர் கையில் வைத்தாள் செல்வமலர்.

“இந்தாங்கோ. விலாசம் தெரிஞ்சால் அனுப்பிவிடுங்கோ.”